கூஜாவில் எழுந்த நீராவி

நவச்சாரப் புகைக்கு ஒரு குணம் உண்டு: மூக்கில் ஏறுவதற்கு முன்பே கண்ணில் ஏறிவிடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது வெள்ளையாகக் கிளம்பும் அந்தப் புகை, யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளின் நடுவில், சாந்தோமில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கோடை விடுமுறை முழுவதும் எழுந்துகொண்டிருந்தது. நாங்கள் பாத்திரக் கடை வைக்கப்போகிறோம் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். நான் ஈயப் பற்று வைத்து நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது பதினாலு வயது. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் குவியலில் அகப்பட்ட ஒரு சீமைப் பத்திரிகை, ரயில் எஞ்சினையும் கப்பலையும் கைக்கு அடக்கமாகச் செய்து, நிஜம் போலவே ஓட்டிப் பார்க்கும் வளர்ந்த மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள் என்ற செய்தியை எனக்குச் சொல்லியிருந்தது. அப்பேர்ப்பட்டவர்கள் தியாகராய நகரிலேயே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று வகுப்புத் தோழன் ஒருவன் சொன்னதும் சைக்கிளை எடுத்தேன்.

சங்கம் ஞாயிறுதோறும் பனகல் பூங்காவை அடுத்த ஒரு பங்களாவின் கார் கொட்டகையில் கூடியது. பெட்ரோல் ரேஷனால் காரைச் செங்கல் மேல் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். அதனருகில் பெஞ்சு போட்டு இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்தால் முதலில் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு விதிகளை இயற்றுவார்கள், எதற்காகச் சேர்ந்தோம் என்பதை நேரமிருந்தால் பிற்பாடு யோசிப்பார்கள். இந்தச் சங்கமும் அந்த மரபிலிருந்து வழுவவில்லை. தலைவர் ராமதுரை, வீட்டுக்காரரின் பிள்ளை, இஞ்சினீரிங் மாணவர். காரியதரிசி கேசவன், சட்டம் படித்துக்கொண்டிருந்தார். மற்ற நாலைந்து பேரின் வேலை வழிமொழிவது.

கொட்டகையின் மூலையில், காலால் மிதித்து ஓட்டும் "லேத்து" ஒன்று நின்றது. இரும்பையும் பித்தளையையும் சுழலவிட்டுக் கடைந்து கொடுக்கும் அந்த இயந்திரத்தை நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். அதை ஒரு நாளாவது மிதித்துவிட வேண்டும் என்ற ஆசை அந்த நிமிஷமே என்னைப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் ராமதுரையின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"தொடாதேடா அம்பி. மெம்பர்தான் தொடலாம்" என்றார் ராமதுரை.

"மெம்பர் ஆறதுக்கு என்ன சார் செய்யணும்?"

கேசவன் எழுந்து நின்று நான்காவது விதியை இங்கிலீஷில் ஒப்பித்தார். தான் செய்த மாதிரியை, கை தொடாமல், அதன் சொந்த சக்தியால், சங்கத்தார் முன்னிலையில் இயக்கிக் காட்டியவர் எவரோ அவர் மட்டுமே அங்கத்தினர். சீமைச் சங்கம் ஒன்றின் விதியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்களாம். ஆக, லேத்தைத் தொட அங்கத்தினராக வேண்டும். அங்கத்தினராக எஞ்சின் வேண்டும். எஞ்சின் செய்ய லேத்து வேண்டும். பிற்காலத்தில் சர்க்கார் உத்தியோகத்தில் இத்தகைய சுழல்கள் பலவற்றை நானே இயற்றியிருக்கிறேன். ஆனால் அன்று அதன் அழகு எனக்குப் புலப்படவில்லை.

லேத்தில்லாமலே ஒரு நீராவிப் படகு செய்யத் தொடங்கினேன். எஞ்சினின் உருளைக்கு, உடைந்த சைக்கிள் பம்பின் பித்தளைக் குழாய். படகின் உடலுக்குக் கல்யாண முருங்கைக் கட்டை. தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கு பிஸ்கட் தகரம். கொதிகலனுக்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை. யுத்தத்தில் செம்புத் தகடு கண்ணில் படாது. கடைசியில் என் பார்வை, பிரயாணத்துக்குக் குடிதண்ணீர் எடுத்துப்போகும் எங்கள் பித்தளைக் கூஜாவின் மேல் விழுந்தது. திருகு மூடி, தடித்த உடம்பு, அடக்கமான வாய். நீராவிக்கென்றே பிறந்தது.

"வேளாங்கண்ணிக்குப் போறப்ப தண்ணிய என்ன உன் தலையில ஊத்தி எடுத்துட்டுப் போறதா?" என்றாள் அம்மா. ஒரு வாரம் கெஞ்சிய பிறகு, "எடுத்துத் தொலை. வெடிச்சு மேல போனா மாதாகிட்ட நீயே பதில் சொல்லிக்க" என்று கொடுத்துவிட்டாள். ஆவி மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் அடைப்பு ஒன்றை மூடியில் பொருத்தியது மாதாவுக்குப் பயந்து அல்ல, அம்மாவுக்குப் பயந்து.

பரீட்சை நாளன்று, பூசை முடிந்ததும் படகைச் சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு அடையாற்றுக் கழிமுகத்துக்குப் போனேன். ஆழமில்லாத குறுகிய கால்வாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். சங்கத்தார் அனைவரும் வந்திருந்தார்கள்; கேசவன் வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போய் நின்றார். முறை இதுதான்: கொதித்த நீரையே ஊற்ற வேண்டும், முக்கால் பங்குக்கு மேல் ஊற்றக்கூடாது, எண்ணெய் விட வேண்டும், அதன் பிறகே ஸ்பிரிட் திரியைப் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தேன். அருகே வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, கூஜாவுல காப்பி போட்டுக்கினு கீறியா? எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்து."

கூஜா முனகியது. விசிறியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். எஞ்சின் ஒரு தரம் இருமி, இரண்டு தரம் தும்மி, பிறகு "டக டக டக" என்று பிடித்துக்கொண்டது. கையை எடுத்தேன். படகு வெள்ளை மூச்சு விட்டுக்கொண்டே, கோணாமல், அக்கரைக்குப் போய்க் கேசவனின் முழங்காலில் முட்டி நின்றது.

நான் துள்ளிக் குதித்தேன். கேசவன் கையை உயர்த்தினார்.

"ஆட்சேபணை! காத்து இந்தப் பக்கமான்னா அடிக்கறது? காத்துலதான் வந்தது. சொந்த சக்தின்னு எப்படி ஒத்துக்கறது?"

சங்கத்தார் வழிமொழிந்தார்கள். கடற்காற்று உண்மையில் என் முதுகில்தான் அடித்துக்கொண்டிருந்தது. லேத்து கைநழுவிப் போவதைப் பார்த்தேன். ஆனால் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்போ திருப்பி விடுங்க சார்!" என்று கத்தினேன். "எதிர்க் காத்துல வரட்டும்!"

கேசவன் படகைத் தூக்க எங்கே பிடித்தார் என்று நினைக்கிறீர்கள்? கூஜாவின் கழுத்தில். "ஐயோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழுந்து பறந்தன.

"சூடு கீதா நைனா? காத்து சுட்டுச்சா?" என்றார் மீனவர்.

கேசவன் துண்டால் பிடித்துப் படகைத் திருப்பிவிட்டார். படகு காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, சிற்றலைகளில் மூக்கை நனைத்துக்கொண்டு, நடுவில் ஒரு கணம் நின்றேவிட்டது போலத் தயங்கி, பிறகு அங்குலம் அங்குலமாக என் கைக்கே வந்து சேர்ந்தது. கரையில் நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். கேசவன் விரலை வாயில் வைத்திருந்ததால் அவரால் தட்ட முடியவில்லை.

அன்று மாலையே கொட்டகையில் கூட்டம். என்னைச் சேர்த்துக்கொள்ளும் தீர்மானத்தை ராமதுரை முன்மொழிந்தார். வழிமொழிய நாலு கைகள் உயர்ந்தன. நான் எழுந்தேன்.

"ஒரு சந்தேகம் சார். மெம்பர்தானே ஓட்டுப் போடலாம்? இங்கே யார் யாரோட எஞ்சின் ஓடியிருக்கு?"

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சங்கம் தொடங்கி இரண்டு வருஷத்தில் கொடியின் நிறம் வரை முடிவு செய்திருந்தார்கள். ராமதுரையின் ரயில் எஞ்சினுக்கு மூன்று பூச்சு வர்ணம் அடித்தாகிவிட்டது. உள்ளே கொதிகலன் கிடையாது. மற்றவர்களுடையது இன்னும் காகிதத்தைவிட்டு இறங்கவில்லை. விதியை எல்லாருக்கும் ஒப்பித்துக் காட்டியவர்கள் அதைத் தங்களுக்கு ஒரு தரம் ஒப்பித்துக்கொள்ள மறந்துபோயிருந்தார்கள்.

"அப்போ நாங்கள்ளாம் யாருடா?" என்றார் ராமதுரை.

"விருந்தாளிங்க சார்."

முதலில் சிரித்தது அவர்தான். உலகிலேயே ஒரே அங்கத்தினன் என்ற முறையில் நான் மட்டும் கைதூக்கி, ஒரு வருஷத்துக்குள் எஞ்சின் ஓட வேண்டும் என்ற தவணையில் அவர்கள் அனைவரையும் ஒருமனதாகச் சேர்த்துக்கொண்டேன். பிறகு லேத்தின் மேலிருந்த துண்டை எடுத்து, மடித்து, தலைவரிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, மிதிபலகையில் காலை வைத்தேன். சக்கரம் சுழன்றது. தவணைக்குள் எல்லாருடைய எஞ்சின்களும் ஓடின. பயம் நல்ல உந்துசக்தி.

இன்று அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் பல மாடிப் பட்டுப்புடவைக் கடை நிற்கிறது. கழிமுகத்தின் அந்தக் கால்வாய் தூர்ந்து, அதன்மேல் மதில் எழும்பிவிட்டது. நவச்சாரத்தை மளிகைக் கடையில் கேட்டால் பையன் கைபேசியில் தேடுகிறான். ராமதுரை போய்விட்டார், கேசவனும் போய்விட்டார், வழிமொழிந்தவர்களும் ஒவ்வொருவராக அவர்களையே பின்பற்றிவிட்டார்கள். ஆனால் சங்கம் போகவில்லை. அதைக் கலைக்க முறைப்படி ஒரு தீர்மானம் வேண்டும். கலைக்கும் தீர்மானத்துக்குக் குறைந்தது மூன்று அங்கத்தினர்கள் வேண்டும். இருப்பதோ நான் ஒருவன். ஆகவே சட்டப்படி அது இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. சேர விரும்புகிறவர்கள் வரலாம். எஞ்சின் மட்டும் ஓட வேண்டும்.