குற்றாலத்தில் மாற்றிய சைக்கிள் சீட்

மதுரைவரை சைக்கிளில் போய்த் திரும்பிய மறுநாள், தென்காசியில் ஒரு கல்யாணப் பந்தி. புதுத் தோல் சீட் உரசிய புண்ணால் தரையில் உட்கார முடியாமல் நின்றேன். மதுரைக்குக் கூட வந்த சுடலைமுத்து, "இவன் நின்னுக்கிட்டுதான் திம்பான். பின்னால வெந்துபோய்க் கெடக்கு!" என்று பெண்கள் வரிசைவரை கேட்கும்படி கத்தினான்.

அவன் சீட் மட்டும் பஞ்சு மாதிரி இருக்கும். அடுத்த மாதம் இருவரும் நாகர்கோவிலுக்குக் கிளம்பினோம். குற்றாலத்தில் அவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்ற நேரம், ஸ்பேனரை எடுத்து இரண்டு சீட்டையும் மாற்றிப் போட்டேன். வலி என்னவென்று அவனும் தெரிந்துகொள்ளட்டும்!

தென்காசியைத் தாண்டுவதற்குள் எனக்கே உயிர் போனது. அவனோ நிற்காமல் மிதித்தான். கடையத்து இட்லிக் கடையில் இறங்கியதும் காலை அகட்டி நடந்து என்னிடம் வந்தான்.

"ஏலே, மாத்துனது நீதான்னு ஏறுனப்பவே தெரியும். எட்டு வருசமா என் உடம்புக்குப் பள்ளம் விழுந்த தோலு அது. உனக்கு எப்படி ஒத்துவரும்?"

கடைக்காரர் பெஞ்சைக் காட்டி, "உக்காருங்க அண்ணாச்சி" என்றார். "வேண்டாம்" என்று இருவரும் ஒன்றாகவே சொன்னோம்.

நான் செய்தது தப்புதான். ஆனாலும் சுடலைமுத்து நின்றுகொண்டே இட்லி தின்றதை நினைத்தால், இன்றும் என் மனம் குளிர்கிறது.