காற்றுக்கு வைத்த செடிகள்

தாராவியில் எங்கள் அறை மாடியில். கீழே ஒருவர் பிளாஸ்டிக் உருக்கும் மிஷின் வைத்திருந்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். மிஷின் ஓடத் தொடங்கியதும் எங்கள் தரைப் பலகை இடுக்கு வழியாகப் புகை மேலே ஏறும். என் ஆறு வயது மகளுக்கு மூச்சு இழுக்கும். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும்.

மாட்டுங்காவில் நான் சமையல் வேலை செய்யும் வீட்டு மாமி ஒருநாள் சொன்னார். "ஸ்நேக் பிளாண்ட் வெச்சுக்கோடி. ஆத்துக் காத்தைச் சுத்தம் பண்ணுமாம், வாட்ஸ்அப்ல வந்தது." கன்று பிரித்துக் கொடுத்ததும் அவர்தான். பழைய பெயிண்ட் டப்பாக்களில் பதினோரு செடி வைத்தேன். இலையில் படியும் கரியைத் தினமும் துடைப்பேன். துணி கறுத்தால், இவ்வளவும் பிள்ளையின் நெஞ்சுக்குப் போகவில்லை என்று நிம்மதி.

ஒரு மத்தியானம் செடிக்கு ஊற்றிய தண்ணீர் பலகை வழியாக ஒழுகி மிஷின்மேல் விழுந்தது. பொறி பறந்திருக்கிறது. மிஷின்காரர் இரும்பு ஏணியில் ஏறி வந்தார்.

"ஏட்டி, எம் பொழப்புல தண்ணி ஊத்துதியா?"

"நீரு எம் பிள்ள நெஞ்சுல பொகைய ஊத்தலாமோ?"

டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வாசல் வழியே கீழே எறிந்தார். நான்காவதைப் பிடுங்கப் போனேன். என் முடியைப் பற்றி முகத்தைக் கதவு நிலையில் மோதினார். முன்பல் ஒன்று நாக்கின்மேல் விழுந்தது. மூலையில் மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. தோசைக்கல்லை எடுத்து அவர் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு ஒடியும் சத்தம் கேட்டது. அதன் பிறகும் அடித்தேன். பக்கத்து அறைப் பெண்கள் இருவர் சேர்ந்துதான் என்னை இழுத்தார்கள்.

என் உதட்டைத் தைத்த டாக்டரிடம் செடிகளைப் பற்றிக் கேட்டேன். அந்தப் புகைக்குப் பதினொன்று என்ன, அறை நிறைய வைத்தாலும் ஒன்றும் ஆகாது, புகை வெளியே போக வேண்டும் என்று இந்தியில் சொன்னார். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் இருவர் மேலும் கேஸ் போடுவோம் என்றார்கள். சமாதானமாகப் போக நான் கேட்டது ஒன்றுதான்: புகைக்குழாய் எங்கள் கூரைக்கு மேலே போக வேண்டும். மாவுக்கட்டுக் கையோடு அவரே நின்று குழாயை ஏற்ற வைத்தார்.

"போதுமாட்டி?" என்றார்.

மகளுக்கு இழுப்பு முழுதாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. அவர் இடது கையால் பீடி பற்றவைக்கப் படும் பாட்டைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இன்னும் நாலு அடி போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியது எனக்கே பயமாக இருந்தது.