கண்ணாடி போடாமல் வேதபாடம் வாசித்த கதை

நாடு சுதந்திரமடைந்து பத்து வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகளே. நாற்பத்தைந்து வயதிலும் நான் கண்ணாடியிடமிருந்து சுதந்திரமாகவே இருந்தேன். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தமிழ்ச் சபைக் கோவிலில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிறவன் நான். எட்டாவது படித்தவனுக்கு அது கலெக்டர் உத்தியோகம் மாதிரி. எழுத்து கலங்கியது உண்மைதான். அதற்கு அச்சடித்தவனைத் திட்டிவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமை உங்கள் அம்மா பாடத்தை வாசிப்பாள், நான் மனப்பாடம் செய்வேன். மறுநாள் புத்தகத்தின் மேல் வரிவரியாகக் கண்ணை ஓட்டி ஒப்பிப்பேன். பக்கம் திருப்புவதற்குக்கூட ஒத்திகை உண்டு.

ஒரு அறுப்பின் பண்டிகை. பீடத்தைச் சுற்றிப் பூசணி, நூக்கோல், கரும்பு, ராகிக் கதிர். மணி அடிக்கும் நேரத்தில் சபையை நடத்தும் ஐயர் வந்தார்.

"பிரதர், பாடத்த மாத்திட்டேன். பண்டிகைக்கு ஏத்ததா வேற. அந்தப் பக்கத்துல நாடா வெச்சிருக்கேன், பாத்துக்கோங்க."

பார்த்தேன். எறும்பு ஊர்வலம் தெரிந்தது. "தெரியலீங்க ஐயா" என்று சொல்லியிருக்கலாம். கௌரவம் விடுமா? முந்தின நாள் மனப்பாடம் செய்திருந்த பாடத்தையே கம்பீரமாக எடுத்துவிட்டேன்: வெட்டுக்கிளிகள் வந்து விளைச்சலை மிச்சமில்லாமல் தின்ற கதை. சபை முழுவதும் பக்கம் புரட்டும் சத்தம். அடடா, என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் உங்கள் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"என்னாங்க, பூசணிக்கா கொண்டாந்தவங்க மூஞ்சிய பாத்தீங்களா? நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்கு வரீங்களா, இல்ல ஐயர்கிட்ட நானே சொல்லட்டுமா?"

போனோம். கன்னடம் கலந்து தமிழ் பேசும் கன்னடக்கார டாக்டர். கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று பார்த்தால், கண்ணில் மருந்து விட்டு, கருவி வைத்து அழுத்தம் பார்த்தார்.

"ஏன்ரீ, இஷ்டு நாள் எங்க இருந்தீங்க? வயசுல வர்ற மங்கல் கண்ணாடி போட்டா சரியாகும். விஷயம் அது இல்ல. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி, எடது கண்ணு ஓரத்துல பார்வை போயிடுச்சு. போனது வராது. மிச்சத்த காப்பாத்தலாம்."

"வலியே இல்லீங்களே, டாக்டர்?"

"வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பீங்கல்ல?"

வாசிக்கும் பெருமையைக் காப்பாற்ற ஐந்து வருடம் சனிக்கிழமை தவறாமல் உழைத்தவன், கண்ணுக்கென்று ஒரு காலைப்பொழுதை ஒதுக்கவில்லை. இப்போது கண்ணாடி போட்டுத்தான் வாசிக்கிறேன். கேட்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடிக்காரர்கள், யாரும் சிரிக்கவில்லை. சொட்டு மருந்து தினம் மூன்று வேளை, ஆயுசுக்கும்.

இந்தக் கண் அழுத்தம் ரத்தத்தில் வரக்கூடியதாம். நாற்பது ஆனதும், வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், போய்க் காட்டுங்கள். சொத்து என்று நான் வேறு எதையும் சேர்த்து வைக்கவில்லை. இந்த ஒன்றில் உங்களுக்குப் பங்கு வராமல் இருக்கட்டும்.