கிணற்றில் இல்லாத நீலம்

ஸ்ரீபெரும்புதூர் அருகே ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே கண்ணாடிச் சாமான்களைக் கழுவித் தருபவர் கஸ்தூரி அக்கா. ஆயுத பூஜை முடிந்து வந்தபோது, பென்னலூரில் தன் தெருக் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். சாக்கடை கலக்கிறதோ என்று ஊரில் சந்தேகம். கலந்திருந்தால் கிணற்றை மூடிவிடுவார்கள். அந்தத் தெருவுக்கு வேறு குடிதண்ணீர் கிடையாது.

முதலில் பாஸ்பேட் பார்த்தேன். சாக்கடையோ, உரமோ, சோப்போ கலந்தால் அது கூடும். பாஸ்பேட் இருந்தால், சோதனை மருந்து விட்டதும் தண்ணீர் நீலமாகும். சோதனைக் குழாய் கருநீலமாகிவிட்டது.

அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, வேட்டிக்குப் போடற நீலம் மாதிரி கீது! எங்க தெருவுல அவ்ளோ சுத்தமா துவைக்கிற ஆளே இல்லியே!" சிரித்தாலும் முகம் வாடியிருந்தது.

துவைக்கிற என்ற சொல் என்னை உலுக்கியது. "அக்கா, குழாயை எதில் கழுவினீங்க?"

"பூஜையாச்சேன்னு சோப்புத் தூள் போட்டுத் தேச்சேன். பளபளன்னு இல்ல?"

அந்தத் தூளிலேயே பாஸ்பேட் உண்டு. அதே தூளில் கழுவிய இன்னொரு குழாயில், எதுவும் கலக்காத காய்ச்சி வடித்த வடிநீருக்கு மருந்து விட்டேன், அதுவும் நீலம். அமிலத்தில் அலசிய குழாயில் கிணற்றுத் தண்ணீரை மறுபடி வைத்தேன். நிறமே வரவில்லை. மற்ற சோதனைகளிலும் குறையில்லை.

அக்கா வேடிக்கை பேசியிராவிட்டால் நல்ல கிணற்றை நானே மூட வைத்திருப்பேன். இப்போது எந்தச் சோதனைக்கும் பக்கத்திலேயே வடிநீரையும் வைத்துப் பார்க்கிறேன். அடுத்த பூஜைக்குக் குழாய்களில் சோப்புத் தூள் கூடாது, குழாய் நிறுத்தும் ஸ்டாண்டுக்கு மட்டும்தான் பொட்டு என்று அக்காவிடம் சொல்லியாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் எனக்கும் கொண்டுவருகிறார்.