பிரஷருக்கு மாத்தாள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இதை என் வீட்டுக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், நானே சொல்லலாம். இப்பேர்ப்பட்டவளைத்தான் ஊராருக்கு ரத்தக் கொதிப்பு அளக்க வேலைக்கு எடுத்தார்கள்.

நெஞ்சு நோயும் பிரஷரும் எந்த மாதிரி ஜனங்களுக்கு எப்படி வருகிறது என்று ஒரு ஆராய்ச்சி. ரயில்வேக்காரர்கள், வெற்றிலை விவசாயிகள், தறிக்காரர்கள் என்று பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போகவேண்டும். கையில் பட்டையைச் சுற்றி அளக்கவேண்டும். சாப்பாடு, உப்பு, தூக்கம் எல்லாவற்றையும் விசாரிக்கவேண்டும். கேட்பது சுலபம், பதில் வாங்குவதற்குள் தலையால் தண்ணீர் குடிக்கவேண்டும்.

சூரமங்கலத்தில் ரயில்வேயில் ரிட்டயரான ஒரு பெரியவர் மிஷினை நம்பவில்லை. இடது கையில் பார்க்கச் சொன்னார், வலது கையில் பார்க்கச் சொன்னார், அப்புறம் என் கையிலேயே பார்க்கச் சொன்னார். அவரைவிட எனக்குத்தான் கூட இருந்தது. காலையில் நடக்கச் சொல்லி எனக்கு அறிவுரை சொல்லி அனுப்பிவைத்தார்.

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டம்மாவிடம், "சமையலுக்கு எவ்வளவு உப்புங்க போடுவீங்க?" என்று கேட்டேன்.

"வேணுங்கற அளவுதானுங்க."

"அது எவ்வளவுங்க?"

"பத்தாட்டி இன்னுங் கொஞ்சம் போடுவமுங்க."

சொல்லிவிட்டு உப்புத் தூக்கலாக ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினார். குடிக்காமல் எழுந்தால் அவரை அவமதித்த மாதிரி. ஒவ்வொரு வீட்டிலும் இதே கதைதான். உப்பை விசாரிக்கப் போனவள் சாயங்காலம் ஊறுகாயாகத்தான் பஸ் ஏறினேன்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்தேன். எடப்பாடிதான் என்னை ஆட்டிவைத்தது.

எடப்பாடி என் பிறந்த ஊர். அண்ணன் அங்கே வீட்டை ஒட்டின பட்டறையில் விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் அப்பா அந்தப் பட்டறையிலேயே பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழவேயில்லை. அப்பா போன வயதை அண்ணன் நெருங்கிக்கொண்டிருந்தார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அண்ணி போனில் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணா என்றால், "தறிய நிறுத்திப்போட்டு எங்கம்மிணி போறது?" என்பார். சரி, நம் ஆராய்ச்சியிலாவது பிடிபடட்டும் என்று அந்தத் தெருவுக்குக் காத்திருந்தேன்.

சொந்தக்காரர்களை நாமே அளக்கக்கூடாது என்பது ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவின் கண்டிப்பு. அதனால் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை அனுப்பினார்கள். அவளுக்கு அந்த ஊரில் முகம் தெரிந்த ஆள் கிடையாது. அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் போன் பண்ணினார்.

"நூத்திப் பத்துக்கு எழுவது. உங்க மிசினே சொல்லிருச்சு. இனி ஆஸ்பத்திரின்னு வாயத் தொறந்தீன்னா பாத்துக்க."

அந்தச் சந்தோஷத்தில் அவர் மோர்மிளகாயை ஒரு கை கூடப் போட்டுச் சாப்பிட்டதாக அண்ணி சொன்னார். சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா மாதிரி இல்லை, தப்பித்தோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

டாக்டரம்மாவுக்குத்தான் தூக்கம் போனது. ராத்திரி பகல் தறிச் சத்தம், அரைகுறைத் தூக்கம், வேளைக்கொரு டீ, இத்தனையும் இருந்தும் அந்தத் தெரு ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் இளவட்டத்தின் ரத்த ஓட்டம். இதில் என்னவோ ரகசியம் இருக்கிறது என்று தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

அடுத்த சுற்று வந்தபோது ஆத்தூர்ப் பெண் கல்யாண லீவில் இருந்தாள். "உங்க அண்ணன் வீட்டை மட்டும் விட்டுட்டு மத்ததை நீங்க பாத்துட்டு வாங்க" என்று டாக்டரம்மா என்னை அனுப்பினார்.

தெருவில் பாதிப் பேர் நான் கல்யாணமாகிப் போன பிறகு குடிவந்தவர்கள், எனக்கு முகம் தெரியாது. முதல் வீட்டில் தறிக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒல்லியாக ஒருவர், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து கையை நீட்டினார். நூற்றுப் பத்துக்கு எழுபது. இரண்டாவது வீட்டில் வேறு பேரைக் கூப்பிட்டேன். அதே ஜாடையில் ஒருவர் வந்தார். அண்ணன் தம்பியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வீட்டுக்கும் அதே ஆள் சந்து வழியாக மூச்சு வாங்க ஓடிவந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"ஏனுங்க, நீங்க எத்தன பேருங்க?"

"நான் ஒருத்தந்தானுங்க. அவிய தறியில நிக்கறாங்க, நான் மாத்தாளுங்க."

எங்கள் ஊரில் தறி நிற்கக்கூடாது. காய்ச்சலோ கருமாதியோ, ஒருவர் வரமுடியாவிட்டால் பதிலுக்கு மாத்தாளை அனுப்புவார். மாத்தாள் வந்து நின்றுவிட்டால் அவரே வந்த மாதிரிதான். இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஆளை வரச் சொன்னார்கள், ஆளை அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க தறியப் பாத்துட்டு அவரை இங்க அனுப்பக்கூடாதுங்களா?"

"அதெப்படீங்க? அவிய தறி அவிய கைக்குத்தான் படியும். இங்க கைய நீட்டறதுக்கு யாரா இருந்தா என்னங்க?"

தெருக்கோடியில் அண்ணன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். "போன தடவை கடைசி ஊட்டுக்கும் நீங்கதானா?"

"ஆமாங்க. அண்ணனுக்கு நல்லா வந்துச்சுங்க" என்றார், பரீட்சையில் பாஸான முகத்தோடு.

டாக்டரம்மாவின் கண்டிப்பெல்லாம் எங்கே போனதோ. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒல்லிக்காரர், தன் வேலையில் என்ன குறை என்று தெரியாமல் பின்னாலேயே வந்தார். பட்டறைக்குள் தறிகள் கத்திக்கொண்டிருந்தன. அண்ணன் அறுந்த நூலை முடிந்துகொண்டே, இரு என்று கையைக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்தச் சத்தத்தையும் மீறித் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. தெருவிலிருந்த அத்தனை தறியும் நின்றது. நான் நிறுத்தவில்லை.

"அப்பா மாதிரி உழுந்தா, பாடையில படுக்கவும் மாத்தாளையே அனுப்புவீங்களா?"

தெருவே கேட்டது. அண்ணி கைநிறைய நூல் சுற்றின தார்க்குச்சியோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒல்லிக்காரர் பணிவாகச் சொன்னார். "அதுக்கு நான் வரமாட்டனுங்க."

முதலில் அண்ணிதான் சிரித்தார். அப்புறம் அண்ணனும் சிரித்தார். சிரித்ததிலேயே மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். கரண்ட் இல்லை, சொல்ல ஒரு சாக்கும் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லி, மூச்சு அடங்கினதும் பட்டையைச் சுற்றினேன். நூற்றுத் தொண்ணூற்றைத் தாண்டி நின்றது. மிஷினை அவர் பக்கம் திருப்பினேன். அவரே எட்டிப் பார்த்துப் படித்தார்.

பட்டையைத் தானே கழற்றிக்கொண்டு, "அப்பாவுக்கு எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார்.

"யாரும் பாக்கலீங்ணா."

"ஒருக்காக்கூடவா?"

"ஒருக்காக்கூட இல்லீங்ணா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்பா போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

கரண்ட் வந்துவிட்டது. ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் கிளம்பி எங்கள் வாசல்வரை வந்தது. ஒல்லிக்காரர் தானாகவே எங்கள் தறிகளைப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்திலேயே ஒரு தறியில் நூல் அறுந்து நின்றது. அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எழுந்தார். தறிப் பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"சட்டைய மாத்திட்டு வாரேன். பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேளு அம்மிணி."