கிழிசலை ஒட்டியவன்

ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேர்க்காரனுக்கு ஒரே எதிரி கரகரப்புதான் என்று இருபத்தாறு வருடமாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் கடை வைத்து நம்பிக்கொண்டிருந்தேன். ஈயப்புகையைக் குடித்துப் பிழைக்கும் என் சக பாவிகளே, நீங்களும் அப்படித்தானே?

கை ராசி

கல்யாணத்துக்கு மைக் செட் வாடகைக்கு விடும் சேட்டன் ஒருவர், இரைந்துகொண்டே இருந்த ஆம்ப் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டி இரைச்சலை ஒழித்தேன். அவர் மைக்கில் செருமிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் என் தலைக்குள் கனமாக உட்கார்ந்திருக்கிறது:

“அண்ணாச்சி கை வெச்சா பேய் பேசினாலும் தெளிவா கேக்கும், கேட்டோ!”

ஒயர் மாத்திரம்

அந்தக் கனத்தோடு இருந்தபோதுதான் அனிதா வந்தாள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். முப்பது வயதிருக்கும், தமிழ் பேசுவாள், ரசீதில் பெயரை மலையாளத்தில்தான் எழுதுவாள். மூன்று பேர் சேர்ந்த ராக் பேண்டில் கிட்டார் வாசிக்கிறாள். வீட்டு கார் ஷெட்டில் நின்று, கிடைத்த ஓட்டைக் கருவியில் அலறிய அமெரிக்கப் பையன்களின் பாணியாம். “மாமா, கரண்ட் ஒயர் மாத்திரம் மாத்தித் தாங்கோ. வேற ஒண்ணும் தொடண்டா” என்றாள்.

அவள் கொண்டுவந்த கிட்டார் ஆம்ப்பைத் திறந்தால், உள்ளே ஸ்பீக்கரில் அதிர்ந்து சத்தம் எழுப்பும் பேப்பர் கோனில் ஐந்து கிழிசல். பாவம், இதையும் கேட்க வெட்கப்படுகிறாள் என்று நானே முடிவுகட்டி, புதுக் கோன் போட்டேன். கழற்றியதை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது எங்கள் தொழில் வழக்கம். இந்தக் கந்தலைக் காட்டி அவளைக் கூச வைப்பானேன் என்று, பழைய சாமான் எடுப்பவரின் வண்டியில் போட்டுவிட்டேன். வைட்டிலா பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அவளும் வாசித்துப் பார்க்கவில்லை.

“ஒயர் நன்னா இருக்கு மாமா, சந்தோஷம்.”

பட்டுப் போன்ற சத்தம்

மறுநாள் காலையிலேயே ஆம்ப்போடு வந்து, கிட்டாரைச் சொருகி ஒரு தட்டுத் தட்டினாள். பட்டுப் போலச் சத்தம். பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் கிழிசல்களை அவளே பிளேடால் போட்டிருக்கிறாள், ஒரு கீறல், ஒரு வாசிப்பு என்று ஒரு வாரம், அந்த உறுமல் வரும்வரை. ஆல்பத்தின் எட்டுப் பாட்டில் நான்கு அந்த உறுமலில் பதிவாகிவிட்டன. மீதி நான்கின் பதிவு வரும் ஞாயிறு, கலூர் ஸ்டூடியோவில். ஆட்டோ பிடித்துப் பழைய சாமான் கிடங்குக்கு ஓடினோம். பேப்பர் எல்லாம் விடியற்காலையிலேயே லாரி ஏறிவிட்டதாம். அனிதா என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

“தொடண்டான்னு சொன்னேனே மாமா.”

என் பிளேடு

புதுக் கோனில், அவள் காட்டிய இடங்களில், நானே ஐந்து கீறல் போட்டேன். கரகரத்தது, உறுமவில்லை. இன்னும் இரண்டு போட்டேன். அதே கரகரப்புதான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கலூருக்குப் போகவில்லை.

போன மாதம் அனிதா கடைக்கு வந்து, நான்கே பாட்டோடு வெளிவந்த ஆல்பத்தை என் காதில் மாட்டினாள். முரட்டுச் சத்தம். என் வாழ்நாள் எதிரி. ஆனால் அதற்குள் ஒரு ஆள் நெஞ்சு வெடிக்கக் கத்துவது கேட்டது. நான்காவது பாட்டு முடிந்ததும் ஐந்தாவதுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் ஹெட்போனைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“மாமா மேல தேஷ்யம், கோவம் ஒண்ணும் இல்லை. ஆனா இனி ஒயர் போனா நானே ஒட்டிக்கறேன்.”

இருபத்தாறு வருடத்தில் நான் உருப்படாமல் அடித்தது ஒரே ஒரு ஆம்ப்தான், அதுவும் மிக நன்றாக ரிப்பேர் செய்து.