பாலத்துக்கு ஆயிரம் சுற்று கூடுதல்

ஜனவரி 9: குத்தகை வழக்கு. தஞ்சாவூர் வருவாய் நீதிமன்றம். மனுதாரர் என் மனைவி. எதிர்மனுதாரர் அவளுடைய தம்பி. வாய்தா.

ஜனவரி 30: அதிகாரி விடுப்பு. வாய்தா.

பிப்ரவரி 17: காலை ஆறு இருபதுக்கு மனுதாரர் காலமானார். பிறந்த வீட்டுக் கோடித் துணியை எதிர்மனுதாரர் கொண்டுவந்தார். பேச்சு எதுவும் நிகழவில்லை.

மார்ச் 6: மனுதாரர் ஆஜராகாததால் வாய்தா.

மார்ச் 27: மனுதாரரின் வாரிசாக நான் சேர்க்கப்பட்டேன். வாய்தா.

ஏப்ரல் 10: எதிர்மனுதாரருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. பொருள்: எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றின் பிக்கப்புக்குக் காயில் சுற்றித் தருவது.

கடைசிக் குறிப்புக்கு விளக்கம் தேவைப்படலாம்.

என் மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தவள். ஓய்வு பெற்ற மாதத்தில், கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடமிருந்து சிவப்பு நிற எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கிவந்தாள். அதுவரை எந்த வாத்தியத்தையும் அவள் தொட்டதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அத்தகைய கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் இரண்டு பிக்கப்புகள் இருக்கும். காந்தத்தின் மேல் முடியினும் மெல்லிய செம்புக் கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றிய சுருள்கள் அவை. மேலே நடக்கும் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புபவை. ஒன்று கழுத்துப் பக்கம் இருக்கும். மற்றது, கம்பிகள் வந்து முடியும் பாலத்துக்கு அருகில். அவளுடைய கிட்டாரில் இந்த இரண்டாவது பிக்கப் வேலை செய்யவில்லை. அவள் போன பிறகு பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு சீட்டு இருந்தது. "கழுத்து நன்று. பாலம் ஊமை. தம்பியிடம் கேட்க."

தம்பிக்குப் பூதலூர் ரயில் நிலையத்தருகே பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை. அக்காவின் பங்கான ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நஞ்சையையும் அவரே சாகுபடி செய்துவந்தார். ஒரு பசலி ஆண்டின் கணக்கில், அவளிடம் சொல்லாமல் தம்மைக் குத்தகைதாரராகப் பதிவு செய்துகொண்டார். அதன் மேல் தொடுத்த வழக்கு, அவள் போனபோது ஒன்பதாம் ஆண்டில் இருந்தது. ஆட்சிகள் மாறின; அதிகாரியின் தலைக்கு மேல் தொங்கிய படங்கள் மாறின; வழக்குக் கட்டின் மேலட்டைகூட ஒருமுறை மாறியது. வாய்தா மாறவில்லை. எதிர்மனுதாரரோடு நம் வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தவன் நான். அவள் மறுத்துப் பேசவில்லை. வாய்தா நாட்களில் பெரிய தூக்கில் புளியோதரை கட்டிக்கொண்டு வருவாள். மாலையில் தூக்கு காலியாகத் திரும்பும். நீதிமன்றத்தில் அவளுக்குப் பசி அதிகம் என்று எண்ணியிருந்தேன்.

சீட்டைப் படித்த பிறகும் தம்பியிடம் கேட்காமல் காரியத்தை முடிக்கவே முயன்றேன். சென்னையிலிருந்து இரண்டு பிக்கப்புகளை வரவழைத்தேன். ஒரே அளவு, ஒரே சுற்று, ஒரே காந்தம். சமபாகம். மாட்டிப் பார்த்ததில் கழுத்து முழங்கியது. பாலம் கொசுவைப் போல் ரீங்கரித்தது. முப்பத்தோராண்டுகள் கல்லூரியில் அலைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். கம்பி நடுவில் அகலமாக ஆடும், முனையருகே ஒடுங்கும் என்பது எனக்குத் தெரியாததன்று. வழக்காடிய ஒன்பது ஆண்டுகளில், பொருத்தம் என்றால் சமம் என்று பழகிப்போயிருந்தேன்.

ஆகவே நோட்டீஸ். வக்கீல் முகம் மாறாமல், பிக்கப் அசையும் சொத்தா என்று மட்டும் கேட்டார். காயில் சுற்றுவதால் மேற்படி கிட்டாரில் குத்தகை உரிமை எதுவும் ஏற்படாது என்றொரு வரியும் சேர்த்தார். பதினோராம் நாள் எதிர்மனுதாரரின் வக்கீலிடமிருந்து பதில் வந்தது. அதன் மூன்றாம் பத்தி:

"கிட்டாரின் கழுத்து தலைமடை. அசைவு அங்கே தாராளம். பழைய சுருளே போதும். பாலம் கடைமடை. அங்கே வந்து சேர்வது சொற்பம் என்பதால் பாலத்துச் சுருளுக்கு ஆயிரம் சுற்று கூடுதலாக வேண்டும். இரண்டுக்கும் சமமாகக் கொடுப்பது கடைமடைக்குச் செய்யும் அநீதி. எங்கள் கட்சிக்காரர் சாகுபடி செய்யும் நிலமும் கடைமடை என்பதை இத்தருணத்தில் நினைவூட்டுகிறோம்."

இயற்பியலில் பிழை காண முடியவில்லை.

அடுத்த வாய்தாவில், கைக்குட்டையில் சுற்றிய ஊமைப் பிக்கப்பை என் வக்கீல் எதிர்மனுதாரரின் வக்கீலிடம் நீட்டினார். இடையில் இருந்த எழுத்தர் அதை வாங்கிச் சான்றுப் பொருள் என்று எண் போட்டு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். அதைத் திரும்பப் பெற இரு தரப்பும் கூட்டாக மனு கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் இருவரும் ஒன்றாகக் கையெழுத்திட்ட ஒரே தாள் அது.

ஜூன் மாத வாய்தாவில், தம்பி புதிதாகச் சுற்றிய பிக்கப் அதே கைக்குட்டையில் திரும்பியது. பழைய கழுத்துப் பிக்கப்போடு சேர்த்து மாட்டினேன். கழுத்தைத் தனியாகத் தட்டினால் கழுத்து. பாலத்தைத் தனியாகத் தட்டினால் பாலம். அளவில் குறையே இல்லை. இரண்டையும் சேர்த்து இயக்கியபோது ஒலி மெலிந்து, மூக்கடைத்து, ஒன்றையொன்று விழுங்கியது. சுருளை வேண்டுமென்றே எதிர்த்திசையில் சுற்றி, இறந்துபோன தமக்கையின் வாத்தியத்தைக் கெடுத்ததாக இரண்டாம் நோட்டீஸ் அனுப்பினேன். வாசகம் என்னுடையது. வக்கீல் பாராட்டினார்.

மறுநாள் பிற்பகல் மீட்டரை வைத்துச் சோதித்தபோது, ஈயம் வைக்கையில் இரண்டு ஒயர்களை நானே மாற்றி இணைத்திருப்பது தெரிந்தது. ஒரு சுருள் தள்ளும்போது மற்றது இழுத்திருக்கிறது. இதையே பல ஆண்டுகள் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். ஒயர்களை மாற்றினேன். ஒலி நிறைந்தது.

நோட்டீஸைத் திரும்பப் பெற்றால் வழக்கு பலவீனமாகும் என்றார் வக்கீல். கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் பூதலூருக்குப் போனேன்.

தபால் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பட்டறையில், பிரித்த ஒரு மோட்டாரின் அடியில் என் நோட்டீஸ் விரித்துக் கிடந்தது. எதிர்மனுதாரர் எழுந்து நின்றார்.

"ஒயர நான்தான் மாத்திப் பத்தவெச்சுட்டேன், மாப்ள" என்றேன்.

"தெரியும் அத்தான். அக்கா சொல்லும். அவரு பாடம் நல்லா நடத்துவாரு, ப்ளக்கு மாட்ட மட்டும் விட்டுறாதன்னு."

"எப்ப சொன்னா?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தார்.

"வாய்தாவுக்கு வர்றப்பல்லாம்தான். நீங்க என் மூஞ்சியப் பாக்கப் புடிக்காம டீ குடிக்கப் போயிருவீங்கள்ல. அப்ப சாப்புட்டுக்கிட்டே பேசிக்கிட்டிருப்போம்." துணியை மோட்டார் மேல் போட்டார். "பதிவ ரத்து பண்ணிடுறேன்னு ரெண்டு வருசம் முன்னாடியே சொன்னேன் அத்தான். வேணாம்டா, கேஸு முடிஞ்சா உன்ன எங்க பாக்குறதுன்னுச்சு."

நான் பெட்டியைத் திறந்தேன். அவர் கிட்டாரைப் பட்டறையில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, இரண்டு பிக்கப்பும் சேரும்படி சுவிட்சை நடுவில் வைத்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆறு கம்பிகளையும் மேலிருந்து கீழாக ஒருமுறை வருடினேன். ஒலி அடங்கும்வரை இருவரும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்ப சரியா இருக்கு" என்றார். பிறகு, "அடுத்த வாய்தா என்னிக்கு?"

"பதினெட்டாந்தேதி."

"டீ குடிக்கப் போவீங்களா?"

போகமாட்டேன் என்றேன்.

செய்யாமல் நிற்பவை:

இரண்டாம் நோட்டீஸை எழுத்து மூலம் திரும்பப் பெறுதல். வக்கீல் இன்னும் இசையவில்லை.

துருப்பிடித்த முதல் கம்பியை மாற்றுதல்.

கழுத்துப் பிக்கப்பைத் திருகி இன்னும் அரைச் சுற்று தாழ்த்துதல்.

வழக்கை முடித்தல். அவசரமில்லை.

பதினெட்டாம் தேதிக்கு இருவருக்குப் புளியோதரை. பக்குவம் தெரியவில்லை. தம்பியிடம் கேட்க.